ஏழு நாள் கத்தி

டைல்ஸ்காரர் மூன்று வருடமாக அந்தக் கத்தியைப் பார்த்துவந்தார். கைவினைக் கண்காட்சி நடக்கும் நாட்களில், அரங்கின் இரண்டாவது மாடியில், கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று. அதைச் செய்தவரை எல்லோரும் கத்தியம்மா என்பார்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவர் செய்த கத்திகளின் முன்னால் நின்றுகொண்டு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வராது. வருடத்துக்கு நான்கு கத்திதான் செய்வார். சமையல் கத்திகள்தான். ஆனால் அலகு முழுக்க, குளத்தில் காற்று பட்டதுபோல மெல்லிய ரேகைகள் ஓடும். மற்றவை எப்படியோ விற்றுப்போகும். நடுவில் இருந்த அந்த ஒன்றுக்கு மட்டும், விலை கேட்டவர்கள் எச்சில் விழுங்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். டைல்ஸ்காரரின் இரண்டு வருடச் சம்பாத்தியம் அது.

அவர் அதற்காக வருத்தப்பட்டதில்லை. வாங்க முடியாது என்பது முடிந்துபோன விஷயம். பார்ப்பதற்கு யாரும் டிக்கெட் கேட்கவில்லையே. போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் போனில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து, அந்தக் கத்தியின் மச்சம் மரு வரை அவருக்கு மனப்பாடம்.

மூன்றாவது வருடம் கடைசி நாள் மதியம் அவர் போனபோது பெட்டி திறந்திருந்தது. ஓர் ஓட்டல் முதலாளி கத்தியை வாங்கிக்கொண்டிருந்தார். கத்தியம்மா அதைத் துணியில் வைத்துச் சுற்றப் போனார்.

"மேடம், கொஞ்சம் இருங்க," என்றார் டைல்ஸ்காரர். "பிடியில சந்து விட்டிருக்கு."

முதலாளி திரும்பிப் பார்த்தார். "யாருங்க நீங்க?"

"டைல்ஸ் போடுறவன்."

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ரெண்டு பொருள் சேர்ற இடம்தாங்க என் பொழைப்பே."

கத்தியம்மா உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, மரப்பிடியும் பித்தளைப் பட்டையும் சேரும் இடத்தைப் பார்த்தார். விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே."

"கண்ணால பார்க்காதீங்க. நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க. கீழ்ப்பக்கம்."

கத்தியம்மா கட்டைவிரல் நகத்தை அங்கே வைத்து மெல்ல இழுத்தார். ஓரிடத்தில் நகம் நின்றது. மறுபடி இழுத்தார். மறுபடி நின்றது. கத்தியம்மாவின் முகம் மாறிப்போனது.

"தள்ளி நின்னு பார்த்தா பட்டையில ஓடுற வெளிச்சம் அங்க உடையுது. போன வருஷம் இது இல்ல," என்றார் டைல்ஸ்காரர். "படம் இருக்கு, காட்டவா?"

"வேணாம். நீங்க சொல்றது சரிதான்." கத்தியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "சார், மன்னிச்சிடுங்க. இதை இன்னிக்குத் தரமுடியாது."

"ஒரு மயிரிழைக்கா? கொஞ்சம் குறைச்சுப் போட்டுக் குடுங்க, எடுத்துட்டுப் போறேன்."

"குறை இருக்கிறதைக் குறைச்ச விலைக்கு விக்கிற கடை வேற சார்."

முதலாளி டைல்ஸ்காரரை ஒரு முறை முறைத்துவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனார். டைல்ஸ்காரருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. சொன்னது தப்பு என்று தோன்றவில்லை. ஆனால் அந்த அம்மாவின் மூன்று வருடக் காத்திருப்பில் கல்லைப் போட்டுவிட்டோமே என்றிருந்தது.

"என்னால உங்க வியாபாரம் கெட்டுப்போச்சு."

"கெட்டிருக்கும், நீங்க வரலைன்னா." கத்தியம்மா ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். "உட்காருங்கண்ணே. இது ஏன் விட்டுச்சு, சொல்லுங்க."

டைல்ஸ்காரர் மேலே ஓடிய ஏசியைக் காட்டினார். "இங்க குளிர். வண்டியில வெயில். உங்க பட்டறையில எப்படியோ தெரியல. மரம் சுருங்கும், விரியும்; பித்தளை அதுபாட்டுக்கு இருக்கும். நாங்க தரையில மூச்சு விட இடம் விட்டுத்தான் ஒட்டுவோம். நீங்க இறுக்கிட்டீங்க."

அடுத்த வாரம் கத்தியம்மா அவரைத் தன் பட்டறைக்கு வரச்சொன்னார். ஒரு டயர் கடையின் பின்னால், தகரக் கூரை போட்ட நீள அறை. உலை, பெல்ட் ஓடும் சாணை, சுவரில் அளவு வாரியாகத் தொங்கிய அரங்கள். கழற்றிய பிடி மேசையில் கிடந்தது.

"இனிமே ஒவ்வொரு கத்தியும் வெளிய போறதுக்கு முன்னாடி உங்க கண்ணுல பட்டுட்டுத்தான் போகணும்," என்றார் கத்தியம்மா. "சும்மா வேணாம். கூலி என்னன்னு சொல்லுங்க."

டைல்ஸ்காரர் பிடரியைச் சொறிந்தார். மனதில் இருந்தது ஒன்றுதான். கேட்டால் சிரிப்பார்களோ என்று தயங்கினார். பிறகு கேட்டேவிட்டார்.

"கூலி வேணாம். ஒவ்வொரு கத்தியும் ஒரு வாரம் என் வீட்டுல இருக்கட்டும்."

கத்தியம்மா சிரிக்கத்தான் செய்தார்.

"வேடிக்கைக்குச் சொல்லலை மேடம். கடையில இருக்கிற மரம் வேற, வீட்டுல இருக்கிற மரம் வேற. அடுப்புச் சூடு, ஆவி, ஃபேன் காத்து, எல்லாம் பட்டா ஏழு நாள்ல தன் குணத்தைக் காட்டிடும்."

கத்தியம்மா சிரிப்பை நிறுத்தினார். யோசித்தார். "கீறல் விழுந்தா?"

"விழாது."

அந்த ஒற்றைச் சொல்லை நம்பி, புதுப்பிடி போட்ட பிறகு, கத்தியைக் கொடுத்தனுப்பினார்.

டைல்ஸ்காரரின் மனைவி ஓர் ஆஸ்பத்திரி கேண்டீனில் சமையல் செய்பவர். ஒரு நாளைக்கு இருபது கிலோ வெங்காயம் அவர் கையால் நறுக்கப்படும். கணவர் துணிப்பொட்டலத்தைப் பிரித்து, சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைப்பதைப் பார்த்தார்.

"இன்னொண்ணா? இந்த வீட்டுல கத்திக்குப் பஞ்சமில்ல, வெட்டுறதுக்குத்தான் ஒண்ணு இல்ல."

"இதைத் தொட்டுடாதே. இது நம்ம வீட்டை விட விலை கூட."

"நம்ம வீடே வாடகை வீடு."

மூன்று நாள் அது தட்டில் இருந்தது. வேலை முடிந்து வந்தால் டைல்ஸ்காரர் கை கழுவி, துடைத்து, அதை எடுத்து நகத்தால் தடவி, மறுபடி வைப்பார். நாலாம் நாள் சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. உள்ளே மனைவி அந்தக் கத்தியால் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நூல் நூலாக விழுந்திருந்தது.

"அடிப்பாவி!"

"கத்தாதீங்க. அற்புதமா வெட்டுது." ஒரு கணம் நிறுத்தி, உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "ஆனா பிடி சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"சுண்டுவிரலுக்கு இடமில்ல. அரை மணி நேரம் வெட்டினா இங்க வலிக்குது. பார்க்கிறவங்களுக்காகச் செஞ்ச பிடி இது."

அன்றிரவு டைல்ஸ்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. மறைத்துவிடலாம், அலகைத் துடைத்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் கத்தியில் ஒரு குறையை முதலில் சொன்னதே தான்தானே. காலையில் பட்டறைக்குப் போய் முட்டைக்கோஸ் முதல் சுண்டுவிரல் வரை ஒன்று விடாமல் சொன்னார்.

கத்தியம்மா கையிலிருந்த அரத்தை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: "அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

மனைவி கேண்டீன் உடுப்போடு நேராக வந்தார். சுற்றிப் பார்த்தார். "நீங்க வீட்டுல சமைக்கிறதில்லையா?"

"சமைப்பேனே."

"இந்தக் கத்தியிலயா?"

"சேச்சே, இதுலயா? பழைய கத்தி ஒண்ணு வச்சிருக்கேன்."

"அதான்," என்றார் மனைவி.

கத்தியம்மா வாய்விட்டுச் சிரித்தார். மெழுகில் ஒரு பிடியை உருட்டி, அலகில் மாட்டி, மனைவியின் கையில் கொடுத்து, ஒரு மூட்டை கேரட்டை முன்னால் கொட்டினார். நறுக்க நறுக்க மெழுகு விரல்களுக்கு ஏற்ப அமுங்கியது. அதை அளந்து மூன்றாவது முறையாக மரம் செதுக்கினார். பிடியைக் கோக்கும் ஆணியைச் சுற்றிலும், டைல்ஸ்காரர் சொன்னபடி, மரம் அசைய இடம் விட்டார்.

அடுத்த கண்காட்சிக்கு ஓட்டல் முதலாளி தன் தலைமைச் சமையற்காரரோடு வந்தார். போன வருடக் கோபம் முகத்தில் மிச்சம் இருந்தது. கத்தியம்மா பெட்டியைத் திறந்து, பலகையும் வெள்ளரிக்காயும் எடுத்து வைத்தார். அந்த மாடியில் அதுவரை யாரும் செய்யாத வேலை அது. சமையற்காரர் இரண்டு வெள்ளரிக்காயை முடித்துவிட்டு மூன்றாவதைத் தேடினார்.

"கத்தியைக் கீழ வைய்யா," என்றார் முதலாளி.

"நீங்க எடுக்கலைன்னா நான் கடன் வாங்கியாவது எடுத்துடுவேன் சார்."

விலை கூடியிருந்தது. முதலாளி பேரம் பேசவில்லை.

இப்போது டைல்ஸ்காரர் வீட்டில் ஐந்தாவது கத்தி இருக்கிறது. அவரைப் போலவே கண்காட்சியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிற கூட்டாளிகள் நாலைந்து பேர் உண்டு: ஒரு தபால்காரர், ஒரு கண்ணாடிக் கடைக்காரர், பஸ் ஓட்டுகிற ஒருவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுவார்கள். முதல் தடவை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மனைவி ஆளுக்கொரு கேரட்டை நீட்டினார்.

"பார்த்தது போதும், வெட்டுங்க. மெல்லிசா வேணும்."

தபால்காரர்தான் முதலில் கத்தியை வாங்கினார். முதல் துண்டு விழுந்ததும் திரும்பி எல்லோரையும் பார்த்தார். அவர் கண்களில் தண்ணீர் நின்றது. பஸ் ஓட்டுபவர் அவர் முதுகில் தட்டி, "அடுத்தது நான்," என்று வரிசையில் முன்னே வந்தார்.