எர்மா மேப்ரி இறங்க மறுத்த ஒன்பது நாள்

எர்மா மேப்ரியின் சவப்பெட்டி ஒன்பது நாள் குழிக்குள் இறங்கவில்லை. ஒரு சாண் மேலே காற்றில் நின்றது. ஆறு ஆண்கள் சேர்ந்து அழுத்தியும் அசையவில்லை. அந்த வாரம் அலபாமாவில் வெயிலும் கடுமைதான்.

தூரத்துச் சொந்தம் வந்து சேரும்வரை அடக்கத்தைத் தள்ளிப்போடுவது எங்கள் சனத்தின் வழக்கம். சிகாகோக்காரர்களுக்கும் டெட்ராய்ட்காரர்களுக்கும் ஐந்து நாள் காத்திருந்தார்கள். மூத்த மகள் வெர்லீனுக்கு மட்டும் காத்திருக்கவில்லை, அங்கேதான் தப்பு நடந்தது. அவள் பூமிக்கு மேலே இருநூறு மைல் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் மாவட்டத்திலிருந்து விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண். வெள்ளைக்காரர் வீட்டுத் துணிகளை இரும்பு இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துத் தேய்த்து எர்மா படிக்கவைத்த பிள்ளை. விமானப் படையில் சேர்ந்த முதல் நாள், துப்புரவுக்காரி என்று நினைத்து அவள் கையில் குப்பைக்கூடையைக் கொடுத்தார்கள். பிறகு விண்வெளி அலுவலகத்தில் பதினான்கு வருடம் பயணப் பட்டியலில் பெயர் வராமலே உட்கார்ந்திருந்தாள். வந்தபோது தலை பாதி நரைத்துவிட்டது. அவள் மேலே போன மறுநாள் எர்மா கண்ணை மூடினாள்.

அம்மாவுக்குச் சோளக்கஞ்சி ஊட்டி, கால் கழுவிவிட்டது இளையவள் ஓலீட்டா. அக்காவிடம் சொல்லுங்கள் என்று அவள் விண்வெளி அலுவலகத்துக்கு போன் செய்தாள். வீட்டில் சாவு விழுந்தால் திரும்பும்வரை சொல்ல வேண்டாம் என்று வெர்லீன் எழுதிக் கொடுத்திருப்பதாக மரியாதையாகவே சொன்னார்கள். ஓலீட்டா நேராகக் கல்லறைக்குப் போனாள்.

“உள்ள போம்மா. செத்தாக்கூடச் சொல்லாதீங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கா உன் சீமந்த புத்திரி.”

சவப்பெட்டி கேட்கவில்லை. “மழை வர்றதுக்குள்ள ஒரு தார்ப்பாயாவது கட்டுங்கப்பா” என்றார் பாஸ்டர் பிக்கெட். வெள்ளைக் கையுறை போட்ட சபைப் பெண்கள் முறைவைத்து விசிறினார்கள்.

ஒன்பதாம் நாள் வெர்லீன் வந்தாள். பூமியின் பாரம் தாங்காமல் கால் மடங்கியது, இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

“எதுக்குக்கா அப்படி எழுதிக் குடுத்த?”

“மேல நான் அழுதா, கறுப்பச்சி அழுதுட்டான்னு எழுதுவாங்க ஓலீ. எனக்குப் பின்னாடி நிக்கற புள்ளைங்கள அனுப்பமாட்டாங்க.”

“அம்மா கடைசி வரைக்கும் உன் பேரத்தான் சொன்னா. பக்கத்துல இருந்தது நான்.”

வெர்லீன் சவப்பெட்டிமேல் குப்புற விழுந்து, அத்தனை வருடம் அடக்கிவைத்ததையெல்லாம் அழுதாள். அழ அழ அது கனத்து இறங்கியது. கயிறு விர்ரென்று ஓடியது. தூக்கிவிடப் போனவர்கள்தான் பார்த்தார்கள், அவள் கால் தரையில் படவில்லை. உடம்பின் பாரம் முழுவதும் அம்மாவோடு போய்விட்டது. காற்று இழுத்துக்கொண்டு போவதற்குள் ஓலீட்டா பாய்ந்து அவள் இடுப்புப் பட்டையைப் பிடித்தாள்.

இதெல்லாம் நடந்து பதினெட்டு வருடமாகிறது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் மேலே போய் வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலீட்டா அக்காவை முன்பெஞ்சில் உட்காரவைத்து, அம்மாவின் இஸ்திரிப்பெட்டியை மடியில் பாரமாக வைக்கிறாள். மன்னித்துவிட்டேன் என்று இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாட்டுக்கு எல்லோரும் எழும்போது மட்டும் இஸ்திரிப்பெட்டியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் இடுப்புப் பட்டையைக் கையில் சுற்றிக்கொள்கிறாள்.