பொம்மைக் காசு

ஆங்கஸ் பெரிட்டைப் பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குத் தெரியும். மெல்பர்னில் கோபர்க் பக்கம் ஒரே டிராமில் போவோம். பதினாறு வயதில் அவன், கணினி விளையாட்டில் வரும் வாள்களையும் கவசங்களையும் பணயம் வைத்து ஆட ஒரு தளம் தொடங்கினான். போகப்போக வாளுக்குப் பதில் காசு வந்தது. காசு வந்ததும் எங்கோ ஒரு தீவின் சூதாட்ட உரிமமும் வந்தது. இப்போது மெல்பர்ன் நடுவில் ஒரு மாடி முழுக்க எங்களுடையது. ஆனால் சட்டப்படி இந்த நாட்டுக்காரன் எவனையும் எங்கள் தளத்தில் ஆடவிடக் கூடாது. கீழே காபிக் கடைக்காரருக்கு நாங்கள் என்ன விற்கிறோம் என்றே தெரியாது.

பெரிய நேரலைத் தளம் ஒன்று சூதாட்டக் காட்சிகளுக்குக் கதவைச் சாத்தியபோது மற்றவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். ஆங்கஸ் சொந்தமாக ஒரு நேரலைத் தளமே திறந்தான். பாடுகிறவன், சமைக்கிறவள், சதுரங்கம் ஆடுகிறவன் என்று எல்லோரும் அதில் வந்து சேர்ந்தார்கள். அவர்களெல்லாம் ஊறுகாய். சோறு கோரிதான்.

கோரி வார்டில் ஜீலாங்கில் கூரை ஓடு மாற்றிக்கொண்டிருந்தவன். அவன் சிரித்தால் பார்க்கிறவனுக்கும் சிரிப்பு வரும். அதற்காகத்தான் ஆங்கஸ் அவனைப் பிடித்து வந்தான். நியூசிலாந்து முகவரியில் கணக்குத் திறந்து, கேமரா முன்னால் உட்காரவைத்தான். திரையில் சூதாட்டச் சக்கரம் சுழலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கார் விலையை வைத்து ஆடுவான் கோரி. அத்தனையும் எங்கள் பணம். அலுவலகத்தில் அதற்குப் பொம்மைக் காசு என்று பேர். தினமும் நான் நிரப்புவேன், அவன் அழிப்பான். ஜெயித்தாலும் வெளியே எடுக்க முடியாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாங்கள் அளக்காமலே போட்டோம், ஆறே எங்களுடையது என்பதால். அவனைப் பார்த்துவிட்டு ஆட வருகிறவர்கள் போட்டதுதான் நிஜக் காசு.

சம்பளமும் அதே தளத்தில், அவரவர் சொந்தக் கணக்கில்தான் விழும். "காசு முதல்ல நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போகட்டும்" என்பான் ஆங்கஸ். பாதிப் பேருடைய சம்பளம் அந்த வாசலைத் தாண்டியதே இல்லை.

கோரி மட்டும் தன் சம்பளத்தை ஆட்டத்தில் வைக்க மாட்டான். அவன் மனைவி மேடி பல்லாரட்டில் ஒரு வீடு பார்த்திருந்தாள். மூன்று வருட ஒப்பந்தம் முடிந்து வரும் மொத்தத் தொகையைக் கொண்டுபோய் வெள்ளிக்கிழமை கட்ட வேண்டும். "அதுக்கப்புறமும் அந்த நாற்காலியில உக்காந்தா, வீட்டுக்கு வராத" என்று சொல்லியிருந்தாள். இதை அவனே சிரித்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னான்.

புதன்கிழமை அவனுடைய கடைசி நேரலை. தளத்தில் பங்கு வாங்க வந்த சிங்கப்பூர்க்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆங்கஸ் சாஸேஜ் ரோல் தின்றுகொண்டிருந்தான்.

"டெஸ், கூட்டத்தைப் பாரு. இந்த மாதிரி நமக்கு என்னைக்குமே வந்ததில்ல."

நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆங்கஸ், பொம்மைக் காசு போட்டது போட்டபடியே இருக்கு."

"அதனால?"

"அவன் சொந்தக் காசுல ஆடிட்டிருக்கான். காலைல ஒப்பந்தப் பணம் வந்துச்சான்னு தன் கணக்குக்குள்ள போய்ப் பாத்தவன், திரும்பப் பொம்மைக் கணக்குக்கு மாத்த மறந்துட்டான். பாதிக்கு மேல போயிடுச்சு. நிறுத்து."

ஆங்கஸ் வாயைத் துடைத்துக்கொண்டான். "நிறுத்தி என்னன்னு சொல்றது? இது நிஜக் காசு, இருங்க, பொம்மைக்கு மாத்திக்கிறோம்னா? ஆடட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

நான் மைக்கை இழுத்து கோரியின் காதுக்குள் சொன்னேன். "கோரி, மூஞ்சிய மாத்தாத. இது உன்னோட அக்கவுண்ட். பல்லாரட் காசு. மாறு."

சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. கண் மட்டும் திரையின் மூலைக்குப் போய் வந்தது. மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. ஒரு சொடுக்கில் மாறிவிடலாம். தண்ணீர் குடித்தான். "நடிக்கவே வரல இவனுக்கு" என்று பார்க்கிறவர்களில் யாரோ திரைக்குக் கீழே எழுதினார்கள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றான் கோரி. பார்க்கிறவர்கள் தங்களுக்கென்று நினைத்திருப்பார்கள். அது எனக்குச் சொன்ன பதில். "விட்டத எடுத்துட்டு எந்திரிக்கிறேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆங்கஸ் மேல் வரவில்லை, இவன் மேல்தான் வந்தது. விட்டதை எடுத்த கதை ஒன்றுகூட இல்லை என்று இந்தக் கட்டடத்தில் இவனைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? அழுத்தினான். மறுபடி அழுத்தினான். பூஜ்யம் வந்ததும் கேமராவைப் பார்த்துக் கையசைத்தான். அதற்குப் பிறகு எனக்குக் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை.

எங்கள் அறைக்குள் வந்ததும் கோரி நின்றுகொண்டே கேட்டான்.

"திருப்பிப் போடுடா ஆங்கஸ். ஒரு பட்டன்தானே உனக்கு."

"போட்டா வாங்க வர்றவன் பாப்பான். ஒவ்வொரு கணக்கையும் நோண்டிட்டிருக்கான். தோத்தவனுக்கு ஏன் திருப்பிக் குடுத்தேம்பான். சொந்தக் காசுன்னு தெரியாம ஆடிட்டான்னு சொன்னா, அப்ப இத்தன நாளா யார் காசும்பான்."

"வேற வழியில குடு."

"வீடு வாங்கிப் போட்டோ போட்டா ஊரே கேக்கும். நேத்து எல்லாத்தையும் தோத்தவன்தானே நீன்னு." ஆங்கஸ் குரலை உயர்த்தவே இல்லை. "டெஸ் சொன்னதுக்கு அப்புறமும் நீதானடா அழுத்தின?"

புகார் கொடுக்கவும் வழியில்லை. இங்கே உட்கார்ந்து பொய் முகவரியில் ஆடியவன் புகாரை யார் கேட்பார்கள்? கோரிக்கு அது தெரியும்.

"இன்னொரு மூணு வருஷம் இரு. இதவிட அதிகமாவே தர்றேன்" என்று ஆங்கஸ் மிச்ச ரோலை அவன் பக்கம் தள்ளினான். "சாப்பிடு முதல்ல."

கோரி உட்கார்ந்து தின்றான். பிறகு புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். மேஜையில் அவன் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. திரையில் மேடியின் பேர். போனைக் கவிழ்த்து வைத்தான்.

சிங்கப்பூர்க்காரர்கள் வெள்ளிக்கிழமையே பங்கு வாங்கிவிட்டார்கள். முப்பது வயதுக்குள் சாதித்தவர்கள் என்று ஒரு பத்திரிகை ஆங்கஸின் படத்தைப் போட்டது. அலுவலகச் சமையலறையில் கேக் வெட்டினோம். நல்ல கேக்.

திங்கட்கிழமை நான் பொம்மைக் காசை நிரப்பினேன். கோரி வந்து மைக்கைச் சட்டையில் மாட்டிக்கொண்டே, "மேடி நேத்து பூட்டை மாத்திட்டா" என்றான். மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னான். திறந்திருப்பது பொம்மைக் கணக்குதானா என்று நான் இரண்டு முறை பார்த்தேன்.

முதல் சுற்றிலேயே பெரிதாக விழுந்தது. கோரி நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்து, மேஜையைத் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தான். ஆங்கஸ் என் தோளைத் தொட்டு, கீழே ஓடிய வரிகளில் ஒன்றைக் காட்டினான். "போன வாரம் சும்மா நடிச்சான். இன்னைக்குத்தான் சொந்தக் காசுல ஆடுறான், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்று எழுதியிருந்தது.