லிஃப்ட்காரி அனுப்பிய மெயில்

ஜப்பானைப் பற்றி இணையத்தில் எழுதாத ஆளே உலகத்தில் பாக்கி இல்லை போலிருக்கிறது. திங்கட்கிழமை மதியம், ஒன்பதாவது மாடிக்கு மேலே லிஃப்ட்டின் மோட்டார் அறையில் உட்கார்ந்து, ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் ஃபோனுமாக அவள் புரட்டித் தள்ளிய பக்கங்களுக்குக் கணக்கே இல்லை. பார்க்க வேண்டிய பத்து இடங்கள், தவறவிடக் கூடாத பதினைந்து இடங்கள், உயிரோடு இருக்கும்போதே போய்விட வேண்டிய இருபது இடங்கள். எல்லாவற்றிலும் அதே மலை, அதே பூ, குடை பிடித்த அதே பெண். அந்தப் பெண்ணுக்கே அலுத்திருக்கும். அந்த இடங்களுக்குள் ஒரு சக்கர நாற்காலி போகுமா, போகாதா என்று மட்டும் ஒரு மகராசனும் எழுதவில்லை.

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவள் புருஷனின் நாற்காலி அறுபத்து மூன்று சென்டிமீட்டர் அகலம். விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து ஒரு மலைக் கிராமத்து விடுதியின் கட்டில் வரைக்கும் அது யாரும் தூக்காமல் உருண்டு போக வேண்டும்.

அவள் பழுது பார்க்கும் கட்டடங்களில் எல்லாரும் அவளை லிஃப்ட்காரி என்பார்கள். புருஷன் மீன்காரர், வண்ணமீன் கடை வைத்திருந்தார். கோய் கெண்டை என்றால் அவருக்கு உயிர். அந்த மீன்களின் தாய்வீடு ஜப்பானில் ஒரு மலைப்பக்கம். கோடை முழுக்கச் சேற்றுக் குளத்தில் விட்டு வளர்த்து, அக்டோபரில் தண்ணீரை வடித்து வலை போட்டுத் தூக்குவார்கள். எந்த மீன் என்ன நிறத்தில் வரும் என்று வளர்த்தவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். பதினொரு வருடமாக அந்த வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, சேற்றில் நிற்பவர்களின் பூட்ஸைக்கூட அவர் அடையாளம் சொல்லுவார். போகலாமா என்றால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

காரணம் அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மலை விடுதிக்குப் போயிருந்தார்கள். சக்கர நாற்காலி வசதி உண்டு என்று விடுதியின் இணையப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. போய்ப் பார்த்தால், அந்த வசதி நான்கு ஆட்கள். நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வழியில் ஒருவன் சிரித்துவிட்டான். அன்றிலிருந்து மனிதர் கடையைத் தாண்டி எங்கும் வருவதில்லை.

இந்த வருடம் அவள் விடவில்லை. நச்சரிப்பு தாங்காமல் அவர் ஒரு நிபந்தனை போட்டார். "கட்டில் வரைக்கும் நானே உருட்டிக்கிட்டுப் போகலாம்னு காட்டு, வர்றேன். மூட்டை மாதிரி இன்னொரு தடவை என்னை எவனும் தூக்கக் கூடாது." அவர் தங்கை, மருத்துவமனையில் நர்ஸ், இரண்டு வாரம் மீன்களைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் லீவு எழுதிக் கொடுத்தாக வேண்டும். விட்டால் அக்டோபர் லீவை வேறு யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆக, லிஃப்ட்காரிக்கு இருந்தது ஆறே நாள்.

செவ்வாய்க்கிழமை அதிர்ஷ்டம் அடித்தது. குடைப் பெண்களையெல்லாம் தாண்டி எங்கோ அடியில், சக்கர நாற்காலியிலேயே ஜப்பான் முழுக்கச் சுற்றிய ஒரு பெண்மணி எழுதும் பக்கம் கிடைத்தது. பூவைப் பற்றி ஒரு வரி இல்லை. எந்த ஸ்டேஷனில் எந்த வாசலில் லிஃப்ட், எந்தக் கழிப்பறையில் நாற்காலி திரும்பும், எல்லாம் அளவோடு இருந்தது. ரயில் ஊழியரிடம் சொன்னால் பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் சாய்பலகை போட்டு ஏற்றிவிட்டு, இறங்கும் ஸ்டேஷனுக்கு ஃபோன் செய்து, எந்தப் பெட்டி, எந்தக் கதவு என்று சொல்லிவிடுவார்களாம். ரயில் நிற்கும்போது அங்கே ஒருவர் பலகையோடு தயாராக நிற்பாராம். அதைப் படித்துவிட்டு லிஃப்ட்காரி மோட்டார் அறையில் எழுந்து நின்றேவிட்டாள். தலை விட்டத்தில் இடித்தது. வலிகூடத் தெரியவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து ஸ்டேஷன் வரைபடங்களுக்கு வழி கிடைத்தது. எழுத்து ஒன்றுகூடப் புரியாது. புரிந்து என்ன ஆகப் போகிறது? ஒரு சதுரத்துக்குள் மூன்று ஆட்களும் மேலே இரண்டு அம்புகளும் இருந்தால் அது லிஃப்ட் என்று தெரிய அவளுக்கு எந்த மொழியும் வேண்டாம். புதன்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜை முழுக்க வரைபடங்களைப் பரப்பி, சிவப்புப் பேனாவால் விமான நிலையத்திலிருந்து கோடு இழுத்தாள். கோடு எங்கும் அறுபடவில்லை. மீன்காரர் எட்டிப் பார்ப்பதும் பார்க்காத மாதிரி இருப்பதுமாக இருந்தார். ஜப்பானிய வீட்டுப் பழக்கங்களைப் பற்றிய ஒரு பக்கத்தில், வெளியிலிருந்து வரும் நாற்காலியின் சக்கரங்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உள்ளே விடுவார்கள் என்று போட்டிருந்தது. அதை அவள் சத்தமாகப் படித்தாள். "சக்கரத்தைத் துடைக்கிறாங்களா?" என்று கேட்டவர், தன் நாற்காலியை மேஜைப் பக்கமாக உருட்டிக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. மீன் வளர்ப்பவர்களின் அரட்டைப் பக்கம் ஒன்றைத் துழாவி, அறுவடை அக்டோபர் பதினெட்டு வாக்கில் தொடங்கும் என்று அவரே கண்டுபிடித்தார். குளத்துக்குப் பக்கத்திலேயே, வயதான தம்பதி நடத்தும் பன்னிரண்டு அறை விடுதி ஒன்றும் சிக்கியது. அறைகள் மாடியில். லிஃப்ட் உண்டு. படத்தில் அது அலமாரி அளவுக்குத் தெரிந்தது.

இந்த இடத்தில்தான் லிஃப்ட்காரி தன் புத்தியைக் காட்டினாள். உண்டு என்ற வார்த்தையை நம்பிச் சூடு பட்டவள் அல்லவா? விடுதிக்கு மெயில் எழுத உட்கார்ந்தவளின் கை, பதினாறு வருடமாக எழுதிப் பழகிய சோதனை அறிக்கையை எழுதத் தொடங்கிவிட்டது. கதவின் நிகர அகலம் என்ன? பெட்டியின் ஆழம் என்ன? பெட்டி நிற்கும்போது தளத்தோடு எத்தனை மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு? இடைவெளியில் சின்னச் சக்கரம் மாட்டுமா? கயிறு கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? சான்றிதழின் நகல் தேவை. அக்டோபர் பதினெட்டு முதல் இருபத்தொன்று வரை லிஃப்ட் இயங்கும் என்பதை உறுதி செய்யவும். மொத்தம் முப்பத்தொரு கேள்வி. கீழே பெயர், பதவி, உரிம எண். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, வியாழக்கிழமை காலை அனுப்பிவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் பதில் வந்தது. பதினான்கு பக்கம். நாத்தனாரும் வந்திருந்தாள். கதவு எண்பது சென்டிமீட்டர். ஏற்றத்தாழ்வு நான்கு மில்லிமீட்டர். சான்றிதழ், கயிற்றின் ரசீது, திறந்த கதவுக்குள் அளவுகோலை நீட்டிப் பிடித்தபடி விடுதிக்காரரே விறைப்பாக நிற்கும் படம். "நாலே மில்லிமீட்டர்!" என்று லிஃப்ட்காரி மேஜையைத் தட்டினாள். அவள் லிஃப்ட்டுகளில்கூட அத்தனை துல்லியம் கிடையாது.

நாத்தனார் மட்டும் அவள் அனுப்பிய மெயிலை மேலும் கீழுமாகப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அண்ணி, இதுல ரூம் வேணும்னு எங்க கேட்டிருக்கீங்க?"

கேட்கவில்லை. முப்பத்தொரு கேள்வியில் அது ஒன்று இல்லை. விடுதியின் பக்கத்தைத் திறந்தால், அக்டோபர் முழுக்கச் சிவப்பு. ஓர் அறை பாக்கியில்லை. உலகத்தில் உள்ள மீன் பைத்தியமெல்லாம் முந்திக்கொண்டுவிட்டது. லிஃப்ட்காரிக்குக் கை கால் ஓடவில்லை. மீன்காரர் வரைபடங்களை மடித்து அடுக்கத் தொடங்கினார். அதைப் பார்ப்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இருங்க, கடைசிப் பக்கம் இருக்கு" என்றாள் நாத்தனார். அதில், மிகுந்த பணிவோடு, ஒரு வேண்டுகோள் இருந்தது. வெளிநாட்டிலிருந்து சோதனைக்கு வரும் அதிகாரி அவர்களுக்காகப் பதினெட்டு முதல் இருபத்தொன்று வரை ஓர் அறையை ஒதுக்கி வைத்திருக்கிறோம். எத்தனை மணிக்கு வருகை என்று தெரிவித்தால் ஸ்டேஷனில் காத்திருப்போம்.

நாத்தனார் சிரித்த சிரிப்பில் தொட்டி மீன்களெல்லாம் மிரண்டன. வாயைத் திறக்காமல் போய் இறங்குங்கள், கையில் ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டால் போதும் என்றாள். லிஃப்ட்காரிக்கும் ஒரு நிமிடம் சபலம் தட்டியது. ஆனால் அளவுகோலோடு நின்ற அந்த மனிதரின் முகம் உறுத்தியது. பாவம், இரண்டு நாளாக எப்படிப் பயந்திருப்பார்? மீன்காரரும், பொய் சொல்லித்தான் அந்தக் குளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வீடியோவே போதும் என்றுவிட்டார். அவள் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி எழுதினாள். நான் அதிகாரி இல்லை, வெறும் மெக்கானிக். என் கணவர் உங்கள் ஊர் மீன்களைப் பார்க்க வேண்டும். அவரை யாரும் தூக்கக் கூடாது. அதனால்தான் கேட்டேன். மன்னியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் அவள் ஃபோனைக் கீழே வைக்கவில்லை. நாத்தனார் லீவு விண்ணப்பத்தைத் தேதி போடாமல் எழுதி வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பதினொன்றரைக்குப் பதில் வந்தது. இந்த முறை ஒரே பக்கம். நாத்தனார்தான் ஃபோனை வாங்கிப் படித்தாள்.

"அதிகாரி வரவில்லை என்று தெரிந்ததும் என் மனைவி வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக வயிறாரச் சாப்பிட்டார். அறை உங்களுக்கே. ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வீடுகளில் காலணியைக் கழற்றிவிட்டு ஏறும் தரை உயரமாக இருக்கும். எங்கள் வாசலில் அது முப்பது சென்டிமீட்டர். உங்கள் கடிதம் படித்ததும் தச்சரை அழைத்துவிட்டோம். சரிவு எவ்வளவு இருந்தால் உங்கள் கணவர் தாமே ஏறுவார் என்று சொல்லுங்கள். மெக்கானிக் சொன்னால் சரியாக இருக்கும்."

லிஃப்ட்காரி அழுதேவிட்டாள். லிஃப்ட்டின் நான்கு மில்லிமீட்டரைத் துருவித் துருவிக் கேட்டவள், வாசலின் முப்பது சென்டிமீட்டரைக் கோட்டைவிட்டிருக்கிறாள். அங்கே போய் நின்றிருந்தால் மறுபடியும் நாலு ஆள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம், மூன்று மீட்டர் அறுபது சென்டிமீட்டர் பலகையாவது வேண்டும் என்று அவள் கணக்குப் போட ஆரம்பித்தபோது, மீன்காரர் ஃபோனைக் கையில் வாங்கி, அந்தக் கடிதத்தைத் தானும் ஒரு தடவை படித்தார். நாத்தனார் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு அண்ணனின் வாயையே பார்த்தாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை" என்றார் அவர். "பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற கடை திறந்திருக்குமா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. லிஃப்ட்காரி சாவியைத் தேடி எடுப்பதற்குள் அவர் வாசலைத் தாண்டி, தெருவில் பாதி தூரம் போயிருந்தார்.