வேன் இல்லாத நாற்பது பேர்

என் அப்பா துணிக்கடை வைத்திருந்தார். வியாபாரம் மந்தமான நாளில் சித்தப்பா, அத்தை, மாமா என்று எல்லோரையும் வரவழைத்து, துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கச் சொல்வார். கூட்டத்தைப் பார்த்துத்தான் கூட்டம் வரும் என்பது அவர் கணக்கு. அந்தப் புத்தியோடுதான் மருத்துவக் கல்லூரியில் கால்புண் பிரிவுக்குப் பதிவு எழுத வந்தேன்.

எங்கள் டாக்டரம்மா நாலு வருடமாகக் கல்லூரிக் கூட்டங்களில் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை நோய்க்காரர்கள், அதிலும் இல்லாதப்பட்டவர்கள், புண்ணோடு அவ்வளவு தூரம் வர முடியாமல் பாதியில் நின்றுவிடுகிறார்கள். கடைசியில் காலை எடுக்கத்தான் வருகிறார்கள். அழைத்துவர ஒரு வேன் வேண்டும். டீன் பேரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

“உருகிப் பேசினா போதுமாம்மா? ஆதாரம் குடுங்க. எண்பது பேர், ஆறு மாசம். பாதிப் பேருக்கு வாடகை வேன், பாதிப் பேருக்கு இல்ல. இல்லாதவங்க வராம நின்னா நீங்க சொல்றது நிஜம். வேன் நிரந்தரம்.”

இந்தப் பேச்சு எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. யாருக்கு வேன், யாருக்கு இல்லை என்பது டாக்டரம்மாவுக்கே தெரியக்கூடாது என்பது விதி. பட்டியல் என்னிடம். அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “இந்த ஆறு மாசம் நல்லபடியா முடிஞ்சா வேன் நமக்கு.”

நல்லபடியா என்றால் எனக்கு என்ன தெரியும்? கடை நிறைய ஆள். வேன் இல்லாத நாற்பது பேரையும் ஒவ்வொருவராகப் பிடித்தேன். “டாக்டரம்மா மானம் உங்க கையில. ஒரு வாரம்கூட நிக்காதீங்க. எப்படி வந்தீங்கன்னு மட்டும் அவங்ககிட்ட மூச்சு விடாதீங்க.”

அந்த நாற்பதில் ஒருத்தியான இஸ்திரிக்கார அக்கா சிரித்தாள். “வேன் இல்லாட்டி என்ன, எனக்குக் கால் இல்லையா?”

“அதுலதானேக்கா புண்ணு.”

“இன்னொண்ணு சும்மாதானே இருக்கு தம்பி.”

பஸ் பிடிக்கவே முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். ஒரு வியாழக்கிழமைகூட அவள் தவறவில்லை. “புண்ணு ஏம்மா ஆறவே மாட்டேங்குது?” என்று கட்டுப் போடும்போதெல்லாம் டாக்டரம்மா கேட்பார். அவள் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். நான் பதிவேட்டில் ‘வந்தார்’ என்று எழுதுவேன்.

ஆறு மாதம் முடிந்தது. நிற்காமல் கடைசிவரை வேனில் வந்தவர்கள் முப்பத்தெட்டு. வேன் இல்லாமல் வந்தவர்கள் முப்பத்தொன்பது.

டீன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். “உங்க ஜனங்க உங்களவிடக் கெட்டிக்காரங்கம்மா. அவங்களே வந்துக்கறாங்க.”

அன்று சாயங்காலம் டாக்டரம்மா என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். “எப்படி வந்தாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல,” என்றார். சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். செய்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டீன் அதையும் படித்தார். “அப்ப ஆய்வே செல்லாது. ஆய்வு செல்லாதுன்னா ஆதாரம் இல்ல. ஆதாரம் இல்லாம எப்படிம்மா வேன்?” மறுபடி ஒரு ஆய்வுக்கு இடம் கொடுக்கவும் மறுத்துவிட்டார். என் அப்பாவே அந்த மனிதரிடம் தோற்றிருப்பார்.

அந்த வாரம் இஸ்திரிக்கார அக்காவுக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். வீட்டுக்குப் போகிற அன்று, அடுத்த தேதி எழுதிய சீட்டோடு வார்டுக்குப் போனேன்.

“நான் ஒரு வாரம்கூட நிக்கல, பாத்தியா?” என்றாள். “டாக்டரம்மாவுக்கு வேன் கெடச்சுதா?”

சீட்டைப் பார்த்துக்கொண்டே, “கெடச்சுதுக்கா,” என்றேன்.

“அப்பாடா. வியாழக்கிழமை காலைல தெருமுனைல வந்து நிக்கறேன். என்ன கலர்னு சொல்லிடு. கட்டைய ஊணிக்கிட்டு வேற எவன் வண்டியவாவது மறிச்சு வைக்கப் போறேன்.”

“வெள்ளை,” என்றேன்.