பக்கத்து வீட்டில் சனிக்கிழமை

எங்கள் பக்கத்து வீட்டில் எழுபத்தொரு மணி நேரமாகச் சனிக்கிழமை. வெளியே திங்கள் மாலை.

பக்கத்து வீடு இப்போது அருங்காட்சியகம். ‘யூதர் மரபு அருங்காட்சியகம்’ என்று பலகை இருக்கிறது. சனிக்கிழமை காலை வரை அது சிப்போரா ஆன்ட்டியின் வீடாக இருந்தது. எங்கள் துறைமுகத் தெருவில் மிஞ்சிய ஒரே யூதர் அவர். மற்றவர்கள் நான் பிறப்பதற்கு முன்பே கப்பலேறிவிட்டார்கள். ஆன்ட்டி இப்போதும் உள்ளேதான் இருக்கிறார். முற்றத்தில், கயிற்றுக்கு அந்தப் பக்கம், பிரம்பு நாற்காலியில்.

சனிக்கிழமை அவருக்கு ஓய்வு நாள். வெள்ளி மாலையில் தொடங்கும். மறுநாள் வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால் முடியும். அதுவரை அவர் விளக்குப் போடமாட்டார். அடுப்புப் பற்றவைக்கமாட்டார். எழுதமாட்டார். கொடுக்கல் வாங்கல் பேசமாட்டார். இதையெல்லாம் செய்து தரும்படி இன்னொருவரிடம் கேட்கவும் மாட்டார். ‘இருட்டா இருக்கு’ என்று சொல்லலாம். அது கேட்பது ஆகாது. தகவல்.

எட்டு வயதிலிருந்து அந்தத் தகவல்களைப் பெற்றுக்கொள்வது என் வேலை. ‘புழுக்கமா இருக்கு’ என்றால் மின்விசிறி. ‘பல்பு கண்ணைக் குத்துது’ என்றால் அணைக்க வேண்டும். சுவிட்ச் எட்டாது என்பதால் எனக்கு ஒரு முக்காலி வாங்கி வைத்தார். அவரால் கேட்க முடியாது. எனக்குப் பேச வராது. பதினைந்து வருடத்தில் எங்களுக்குள் ஒரு மனஸ்தாபமும் வந்ததில்லை.

நான் இயற்பியல் படித்தவள். முதல் வகுப்பு. வாய்மொழித் தேர்வில் மட்டும் பூஜ்யம். விடைகள் தெரியும். சொல்லவில்லை.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அங்கேயும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சித்திரையில் கல்யாணம்.

அருங்காட்சியகத்தின் வாசலில் டிக்கெட் கவுன்டர் முளைத்திருந்தது. உள்ளே இருந்தவர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

“எந்த வகை? பெரியவங்க, சின்னவங்க, வெளிநாடு.”

நான் எங்கள் வீட்டைக் கையால் காட்டினேன். மொட்டை மாடியில் அம்மா துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“பக்கத்து வீடா? அப்படி ஒரு வகை இல்லம்மா. வெளிநாடுன்னு போட்டுடறேன்.”

வாசல் நிலையின் வலது பக்கம் ஒரு சின்னப் பித்தளைக் குழல் சாய்வாகப் பதித்திருக்கும். உள்ளே வேத வரிகள். நுழையும்போது ஆன்ட்டி அதைத் தொட்டு விரலை முத்தமிடுவார். குழலைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது கைக்குப் போடும் சானிடைசர். ‘தொட்டு முத்தமிடுவது இச்சமூகத்தாரின் மரபு’ என்ற அறிவிப்பை மட்டும் கழற்றாமல் விட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் போனவர் அறிவிப்பைப் படித்தார். சானிடைசரைத் தொட்டு விரலை முத்தமிட்டார். முகத்தைச் சுளித்தார்.

“கஷ்டமான மதம்” என்றார் மனைவியிடம்.

வாசலிலிருந்து முற்றம் முன்பு கூப்பிடு தூரம். இப்போது நடைவழி நீண்டுவிட்டது. நடுவில் ஒரு டீக்கடை. இரண்டு பேர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். முந்தாநாள் முற்றத்துக்குக் கிளம்பியவர்களாம். நான் ஒரு டீ குடித்துவிட்டுத் தொடர்ந்து நடந்தேன்.

இரண்டு பக்கமும் கண்ணாடிப் பெட்டிகள். ஆன்ட்டியின் பல்செட் இருந்தது. ‘சடங்குப் பொருள். பயன்பாடு அறியப்படவில்லை’ என்று எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை வாங்கிய பால் பாக்கெட் இருந்தது. ‘உள்ளூர் மக்களுடன் வணிகத் தொடர்பு.’ அடுத்த பெட்டி காலி. ‘இருமல். நன்கொடையாளர் பயன்பாட்டில் உள்ளது.’

கடைசிப் பெட்டியில் என் முக்காலி இருந்தது. ‘அண்டை வீட்டுச் சிறுமியின் முக்காலி. இச்சிறுமி இப்போது இல்லை.’

நான் கொஞ்ச நேரம் நின்று அதைப் படித்தேன். எழுத்துப் பிழை இல்லை.

முற்றத்தில் கூட்டம். ஆன்ட்டி எப்போதும் கட்டும் சாம்பல் நிறப் புடவையில் இருந்தார். தலையில் துணி. அண்ணாந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் வைத்திருந்தார்கள். ஒரு அம்மாள் அதை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

“இதுக்குச் சத்தம் வராதா?”

“சவுண்டு திங்கக்கிழமைதான் பொருத்தறாங்க” என்றார் காவலாளி. “இங்க இன்னிக்குச் சனி.”

என்னைக் கண்டதும் ஆன்ட்டியின் கண் மட்டும் இறங்கியது.

“வசு. கழுத்து வலிக்குது.”

தகவல். நான் வீட்டுக்குப் போய்த் தலையணை எடுத்து வந்தேன். திரும்பி வரும்போது டீக்கடைக்காரர் என்னைப் பழைய வாடிக்கை என்றார். தலையணையை ஆன்ட்டியின் கழுத்துக்குப் பின்னால் வைத்தேன். காவலாளி அதை எடுத்துவிட்டார்.

“இது அந்தக் காலத்துத் தலையணை இல்லம்மா.”

நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திப் பார்த்தேன். தலையைச் சாய்த்துக்கொள்ளட்டும் என்று. ஆன்ட்டி சாயவில்லை. மறுபடி அண்ணாந்தார்.

“கழுத்து வலிக்குது” என்றார். குரலில் ஒரு சலிப்பு. எட்டு வயதில் நான் விசிறிக்குப் பதில் ரேடியோவைப் போட்டபோது கேட்ட அதே சலிப்பு.

நான் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, “எங்க வீட்டுக்கு வந்துடுங்க ஆன்ட்டி” என்றேன்.

“எனக்கு என் நாற்காலி சௌகரியமாத்தான் இருக்கு.”

அதுவும் தகவல். அது புரிந்தது.

கண்காணிப்பாளர் தணிகாசலம் வந்தார். சட்டைப்பையில் நான்கு பேனா. சுவரில் துணி மூடிய ஒரு பலகையை நேராக்கினார். துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். ‘சிப்போரா அம்மையார். இவ்வில்லத்தை மனமுவந்து வழங்கியவர். பிறப்பு 1944. மறைவு’ என்று இருந்தது. அதற்குப் பிறகு இடம் விட்டிருந்தார்கள்.

“அதைச் சீஃப் கெஸ்ட் கையால எழுதுவார்” என்றார் தணிகாசலம். “ஆறு மணிக்கு. அப்புறம்தான் இது முறைப்படி அருங்காட்சியகம். அதுவரைக்கும் சும்மா வீடு மாதிரிதான்.”

நான் ஆன்ட்டியைக் காட்டினேன்.

“தெரியும்மா. உயிரோடதான் இருக்காங்க. ஆனா கடைசி ஆள் இருக்கிற வரைக்கும் மரபுன்னு சொல்ல முடியாது. சமூகம்னுதான் சொல்லணும். சமூகத்துக்கு நிதி ஒதுக்கீடு கிடையாது.”

நான் பலகையில் ‘மனமுவந்து’ என்ற சொல்லின் மேல் விரல் வைத்தேன்.

“நானே நேர்ல வந்து கேட்டேன்” என்றார். “சனிக்கிழமை காலைல. வீட்டை அருங்காட்சியகத்துக்குக் குடுக்கறீங்களான்னு தெளிவாக் கேட்டேன். உக்காரச் சொன்னாங்க. சிரிச்சாங்க. வாழைப்பழம் குடுத்தாங்க. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலயே? ஆட்சேபணை இருந்தா இப்பவும் சொல்லட்டும். ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு. எழுதிக் குடுத்தாலும் சரி.”

“இன்னிக்குச் சனிக்கிழமை” என்றேன். மூன்று நாளில் நான் உரக்கச் சொன்ன முதல் வாக்கியம்.

“ஆமாம்மா. மரபு மாறாம வெச்சிருக்கோம்.”

“எப்ப முடியும்?”

“மூணு நட்சத்திரம் தெரிஞ்சா. அது அவங்க வழக்கம். நாங்க தலையிட மாட்டோம்.”

நான் அண்ணாந்து பார்த்தேன். முற்றத்துக்கு மேல் வானம் இருந்த இடத்தில் ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தார்கள். வெள்ளைச் சதுரப் பலகைகள். நடுவில் ஒரு ட்யூப் லைட். ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘வானம் பராமரிப்புப் பணியில் உள்ளது’.

கழுத்து ஏன் வலிக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. இரண்டு நாளாக ஒருவர் நட்சத்திரத்துக்காக அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் வகுப்பு வாங்கியவளுக்கு இவ்வளவு நேரம் பிடித்தது.

சீஃப் கெஸ்ட் ஆறு மணிக்கு வரவில்லை. அதுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே சலுகை. ஆறரைக்கு வந்தார். மாலை போட்டார்கள். பொன்னாடை போட்டார்கள். ஒரு மாலை மிஞ்சியது. அதை ஆன்ட்டியின் நாற்காலியில் மாட்டினார்கள். ஆன்ட்டி அதைப் பார்க்கவில்லை.

சீஃப் கெஸ்ட் மைக்கைப் பிடித்தார். “எங்கே போனார்கள் இந்த மக்கள்?” என்று தொடங்கினார். அவருக்கு முன்னால் ஆன்ட்டி இருமினார். “வரலாறு இதற்கு மௌனம் சாதிக்கிறது” என்றார்.

நான் கடைசிப் பெட்டிக்குப் போய் அதைத் திறந்தேன். பூட்டு இல்லை. முக்காலியை எடுத்தேன்.

“அதைத் தொடக்கூடாது” என்றார் காவலாளி.

நான் என்னைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் லேபிளைப் படித்தார். “அந்தப் பொண்ணு இப்ப இல்லைன்னு போட்டிருக்கே.”

நான் காத்திருந்தேன். அவர் மறுபடி படித்தார்.

“இல்லாதவங்களை நான் எப்படித் தடுக்கறது” என்று சொல்லிவிட்டு ஒதுங்கினார்.

ஒட்டடைக் கம்பு வழக்கமான மூலையில் இருந்தது. அதற்கு மட்டும் லேபிள் ஒட்ட மறந்திருந்தார்கள். நான் முக்காலியில் ஏறினேன். ஒரு பலகையைக் கம்பால் குத்தித் தள்ளினேன். அது எளிதாக நகர்ந்தது. தெர்மோகோல்தான். இரண்டாவதைத் தள்ளினேன். மூன்றாவது சீஃப் கெஸ்ட்டின் தோளில் விழுந்தது. அவர் அதையும் பொன்னாடை என்று நினைத்துக் கும்பிட்டார்.

வானம் கருநீலமாக இருந்தது. சனிக்கிழமையா திங்களா என்று அதில் எழுதியிருக்கவில்லை.

முதலில் ஒரு பெரிய ஒளி தெரிந்தது. ஆன்ட்டி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்து மறுத்தேன். அது வியாழன். கோள். சேராது. பக்கத்தில் சிவப்பாக ரோகிணி வந்தது. நான் தலையை ஆட்டினேன். கிழக்குப் பக்கம் திருவாதிரை. மறுபடி ஆட்டினேன்.

“இப்போது நான் இந்தப் பெயர்ப் பலகையை நிறைவு செய்கிறேன்” என்றார் சீஃப் கெஸ்ட். துணியை விலக்கினார்கள். தணிகாசலம் ஒரு பேனாவை மூடி திறந்து நீட்டினார். அது எழுதவில்லை. இரண்டாவதை நீட்டினார்.

வடக்கில் ஒரு மேகம் நின்றது. அது மாசி மாதத்தில் நிற்க வேண்டிய மேகம் இல்லை. நான் முக்காலியின் மேல் நின்றுகொண்டே அது நகரும் வரை பார்த்தேன். அதன் பின்னால் ஒன்று இருந்தது.

ஆன்ட்டி கழுத்தை இறக்கினார்.

“வசு” என்றார். “அந்த ட்யூப் லைட்டை அணைம்மா.”

பதினைந்து வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி. நான் இறங்கிப் போய் அணைத்தேன். முற்றம் இருண்டது.

“அட, பேசுது!” என்றாள் பொத்தான் அம்மாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். சீஃப் கெஸ்ட்டும் தட்டினார். பேனா அவர் கையிலிருந்து எங்கோ விழுந்தது. “தத்ரூபமா இருக்கு” என்றார் யாரோ. இருட்டில் பொத்தானை அழுத்தும் சத்தம் டக் டக் என்று கேட்டது.

“சவுண்டு திங்கக்கிழமைதானே பொருத்தறதா இருந்தது?” என்றார் தணிகாசலம்.

“இன்னிக்குத் திங்கள்தான் சார்” என்றார் காவலாளி.

ஆன்ட்டி எழுந்தார். நாற்காலியிலிருந்த மாலையை எடுத்துத் தரையில் வைத்தார். கைதட்டல் ஓய்வதற்காகக் காத்திருந்தார். அது ஓய நேரமாயிற்று. நான் முக்காலியை அவர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். அவர் அதில் கை ஊன்றி நின்றார்.

“தணிகாசலம் சார். நீங்க வந்து கேட்ட அன்னிக்குச் சனிக்கிழமை. அதான் பழம் மட்டும் குடுத்தேன். இப்பச் சொல்றேன். இந்த வீட்டை நான் குடுக்கல.”