நாற்பத்தொன்றாம் நம்பர் ஈட்டி மரம்

செங்கோட்டைப் புதுத்தெருவில் பாரஸ்ட் கார்டு ஒரு வீட்டு முற்றத்து ஈட்டி மரத்தில் நாற்பத்தொன்று என்று நம்பர் அடித்த அதே நொடியில், அடுப்படியில் நின்ற குழல்வாய்மொழியின் இடது கையிலும் நாற்பத்தொன்று விழுந்தது. வலியில்லை, ரத்தமில்லை. அது 1953 ஆடி. குற்றாலத்துச் சாரல் புதுத்தெரு வரைக்கும் அடித்துக்கொண்டிருந்தது. அப்போது செங்கோட்டை திருவாங்கூர்ப் பக்கம். ஈட்டி எவன் மனையில் முளைத்தாலும் சர்க்கார் மரம், வெட்டினால் ஜெயில்.

மனை வாங்கிய நாள் முதல் அவள் அப்பா தில்லைநாயகத்துக்கு அந்த மரத்தை அறுத்து விற்கத்தான் ஆசை. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியதில்லை மனுஷர். ஆனால் கார்டு சுத்தியலை ஓங்கியதும் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, நம்பர் போட்டுராதீங்க. பெத்த மகளாட்டம்லா வளத்துருக்கேன்!" சுத்தியல் இறங்கிவிட்டது. மகள் கையை நீட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் மரத்தையும் கையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பாவி மனுசா, பொய் சொல்ல வேற வார்த்தை கெடைக்கலையா உமக்கு?" என்று அவர் மனைவி சங்கரம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பச்சை குத்தியது என்று சொல்லிச் சமாளிக்கலாம்தான். ஆனால் பெண்ணால் வெளிவாசலைத் தாண்ட முடியவில்லை. தெருவில் எடுத்துவைத்த கால் முற்றத்திலேயே விழுந்தது. வில்வண்டியில் ஏற்றிப் பார்த்தார்கள். வண்டி போயிற்று, பெண் முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். தில்லைநாயகம் வேட்டி அவிழ்வது தெரியாமல் வனத்துறை ஆபீசுக்கு ஓடினார். கிளார்க் மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டு, "நம்பர் விழுந்தா காம்பவுண்டு தாண்டப்படாதுல்லா, அண்ணாச்சி. மரமானா என்ன, மகளானா என்ன?" என்றார். அந்த ஆள் துளிகூடத் திடுக்கிடாததுதான் இவரை உலுக்கிவிட்டது. ஆய்க்குடி வீரபாகுவோடு பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றுபோயிற்று. வீரபாகு தங்கமான பையன், எத்தனை வருஷமானாலும் காத்திருக்கிறேன் என்று சொல்லியனுப்பினான்.

1956 நவம்பர் முதல் தேதி செங்கோட்டை மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தது. கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். பழைய நம்பர் எதுவும் செல்லாது என்றார்கள். அன்று காலை குழல்வாய்மொழி கை கழுவியபோது நாற்பத்தொன்று அழுக்கைப்போலக் கரைந்து போயிற்று, மரத்திலும் வெறும் பட்டை. அவள் ரயிலடி வரைக்கும் நடந்து போய், சிரிப்பும் அழுகையுமாகத் திரும்பி வந்தாள்.

தையில் கல்யாணம். வண்டியேறும்போது, "மரத்த ஒண்ணும் செஞ்சிராதிய, அப்பா" என்றாள். "சேச்சே, செய்வேனா?" என்றார் தில்லைநாயகம். வண்டி தெருமுனை திரும்புமுன் மரம் அறுப்பவர்களுக்கு ஆள் விட்டார். அவர்கள் ரம்பத்தோடு வந்து பார்த்தால், மரம் நின்ற இடத்தில் ஈரமண்ணோடு ஒரு குழி. ஓர் இலைகூட உதிர்ந்து கிடக்கவில்லை. "ஏலே, எங்கலே என் மரம்?" என்று கத்தியவர் குழிக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுவீட்டு அழைப்புக்கு ஆய்க்குடி போனபோது சம்பந்தி வீட்டு முற்றத்தில் ஈட்டி நின்றது. கிளையில் கொடி கட்டி ஈரச்சேலை காய்ந்தது. வீரபாகுவின் அம்மா பேராச்சி காப்பியை நீட்டினாள். "பொண்ணு வந்த அன்னைக்கே பின்னாலயே வந்துட்டு, சம்பந்தி. இது மூத்தவளா, இளையவளா?"

மகள் கிணற்றடியில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இளையவ" என்றார் தில்லைநாயகம். காப்பியை வைத்துவிட்டு, மரத்துக்குத் தண்ணீர் ஊற்றச் செம்பைத் தேடினார்.

1968-ல் சாகும்வரை ஆய்க்குடிக்குப் போகும்போதெல்லாம் ரெண்டு பேருக்குப் பூ என்று கேட்டுத்தான் வாங்கினார். பூக்காரியும் ரெண்டாக நறுக்கிக் கொடுத்தாள்.