வலி, பத்துக்கு எத்தனை?

1

இந்தக் கதை ஒரு மருத்துவமனைப் படிவத்தில் பிறந்தது. இன்னும் கௌரவமான இடத்தில் பிறந்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. முப்பத்து நான்கு ஆண்டுகள் நில அளவையாளராக இருந்து, பிறர் நிலத்தை அங்குலம் பிசகாமல் அளந்தவன் நான். மூன்று மாதமாக என் வலது கையை மேலே தூக்க முடியவில்லை என்பதை ஊரறியச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சொல்லாவிட்டால் கதை நகராது. பேனா பிடிக்கவும் தோள் இடம் தராததால், நான் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதுகிறாள்.

[மூன்று மாதம் இல்லை, எட்டு மாதம். எழுதுகிறவள்.]

அவள் அடைப்புக்குறி போடுவாள் என்று எனக்கு முன்கூட்டித் தெரியாது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

தொடக்கத்தைப் பல முறை மாற்றினேன்.

அன்று காலை வானம் கருத்து, காற்று... வேண்டாம். நான் வானத்தைப் பார்க்கவில்லை. இடது கையால் சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தேன்.

ஒரு பெரியவர் இருந்தார். அவருக்குத் தோளில்... இதுவும் வேண்டாம். அந்தப் பெரியவர் யார் என்று நாலாவது வரியில் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

காத்திருக்கும் அறையிலிருந்தே தொடங்குகிறேன். நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள். சத்தம் நிறுத்திய டிவி. அங்கே ஒரு படிவம் தருவார்கள். யாருக்கு ஸ்கேன், யாருக்கு வெறும் களிம்பு என்று அதைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். படிவம் ஆங்கிலத்தில். டாக்டரம்மாவுக்கும் நம் மொழி தெரியாது. எனக்கு ஆங்கிலத்தில் அளவுகள் தெரியும், வேதனைகள் தெரியாது. மகன் வெளியூரில் இருந்தான். மருமகளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகவே மொழிபெயர்க்கத் தன் அப்பாவை அனுப்பிவைத்தாள்.

அதாவது, என் சம்பந்தியை.

3

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. கப்பல் கம்பெனியில் ஆங்கிலக் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவர். போன வருஷத்திலிருந்து வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி ஒன்றை ஊன்றி நடக்கிறார். ஜம்பம் என்று நினைத்திருந்தேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன், கல்யாணம் பேசி முடித்த அன்று, நாற்பது பேர் நடுவில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பொண்ணு ஆசைப்பட்டுட்டா. நாங்க கொஞ்சம் இறங்கி வந்தோம்."

எத்தனை அடி இறங்கினார் என்று இன்றுவரை அளந்துகொண்டிருக்கிறேன்.

அப்படிப்பட்டவர் முன்னால் வலிக்கிறது என்று வாய் திறப்பதா? பல் பிடுங்கியபோதுகூட முகம் சுளிக்காதவர் என் அப்பா.

[மாமனார் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. எழுதுகிறவள்.]

4

படிவத்தில் ஒரு மனித உருவம். பக்கத்தில் கட்டம் கட்டமாகச் சொற்கள். சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஷார்ப். கூர்மையா குத்துதா?"

"இல்ல."

"டல். மந்தமா, அமுக்கி வச்ச மாதிரி?"

"இல்ல."

"த்ராபிங். விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா?"

அந்த நொடியில்கூட அப்படித்தான் தெறித்தது. "இல்ல" என்றேன்.

"பனிஷிங்."

"அது என்ன?"

"தண்டிக்கிற வலி."

"எந்தத் தப்புக்கு?"

"அதை நீங்கதான் சொல்லணும், சம்பந்தி."

(கதையைச் சற்று நிறுத்துகிறேன். நம் பேச்சில் வலி குத்தும், குடையும், இழுக்கும், கடுக்கும்; கொடுத்த வேலையைச் செய்யும் ஆள் மாதிரி. அந்தத் தாளிலோ அதற்குக் குணமும் கொடுத்திருந்தார்கள்: கொடூரமானது, தண்டிப்பது, ஆளைச் சோர வைப்பது. உடம்புக்கான படிவத்தில் மனசை நுழைத்துவிட்டார்கள். அந்த வரிசை என் தோளை மட்டும் விசாரிக்கவில்லை.)

கடைசியில் ஒரு கோடு. பூஜ்யத்திலிருந்து பத்து வரை.

"பத்துக்கு எத்தனை?"

"ரெண்டு."

சம்பந்தி எழுதவில்லை. பேனாவை மூடினார்.

5

"இந்த வார்த்தையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு நினைக்கிறீங்க? கப்பல் கம்பெனியில த்ராபிங்னு எவனும் லெட்டர் எழுதல. போன வருஷம் இதே நாற்காலியில நான் உக்காந்திருந்தேன். இடுப்பு நரம்பு. ஃபிரெண்டப் பாக்கப் போறேன்னு வீட்டுல பொய் சொல்லிட்டு வந்தேன். பத்துக்கு எத்தனைன்னாங்க. ரெண்டுன்னேன். களிம்பு குடுத்து அனுப்பிட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு வந்தா, இனிமே இவ்வளவுதான்னுட்டாங்க. இந்தத் தடி ஸ்டைலுக்குன்னா நினைச்சீங்க?"

தடியால் தரையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

"கை விழுந்துடுச்சுன்னா ஆயுசு பூரா சட்டைய வேற யாராவதுதான் மாட்டி விடணும். நான் தினம் காலையில வந்து மாட்டி விடவா?"

அதைவிட ஆபரேஷன் தேவலை.

உள்ளே டாக்டரம்மா ஏதோ கேட்டார். "எப்ப ஜாஸ்தியாகுதுன்னு கேக்கறாங்க" என்றார் சம்பந்தி.

"சட்டை போடும்போது. அப்புறம், நீங்க இறங்கி வந்தது ஞாபகம் வரும்போது."

அவர் முகம் மாறியது. "இது தோளுக்கான கேள்வி."

"ரெண்டும் ஒரே பக்கம்தான் வலிக்குது. ஒரு வார்த்தை விடாம அப்படியே சொல்லுங்க."

ஆயுள் முழுக்க அடுத்தவர் சொன்னதைப் பிசகாமல் ஆங்கிலத்தில் எழுதியவர். தொழில் தர்மம். சொன்னார். நீளமாகவே சொன்னார். டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்.

"என்னவாம்?"

"இறங்கி வந்தோம்னு சொன்ன ஆளு இப்ப என்ன சொல்றார்னு கேக்கறாங்க."

"என்ன சொல்றார்?"

சம்பந்தி கைத்தடியின் வெள்ளிப் பூணைத் தேய்த்தார். "தப்புதான்னு சொல்றார்."

பிறகு மறுபடியும் பத்துக்கு எத்தனை என்று கேட்டார். நான் ஒரு எண் சொன்னேன்.

6

முடிவு வேண்டும் அல்லவா?

முதல் முடிவு: இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு வெளியே நடந்தோம். என் தோள் இருந்த நிலைக்கு இது நடக்காத காரியம்.

இரண்டாவது: சம்பந்தி கண் கலங்கினார்.

[கலங்கியது யார் என்று சம்பந்தி எனக்கு ஃபோனில் சொல்லிவிட்டார். எழுதுகிறவள்.]

அந்த முடிவை அடித்துவிடச் சொன்னேன். அவள் அடிக்கவில்லை.

மூன்றாவது: ஸ்கேன் எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். நான் சொன்ன எண்ணை மட்டும் இங்கே எழுத மாட்டேன். எங்கள் குடும்பத்தில் இரண்டுக்கு மேல் யாரும் சொன்னதில்லை.

[ஒன்பது. எழுதுகிறவள்.]

சரி, ஒன்பதுதான். அதில் தோளின் பங்கு எங்கே முடிகிறது, மற்றதன் பங்கு எங்கே தொடங்குகிறது என்று எத்தனை முறை அளந்தும் எனக்குப் பிடிபடவில்லை. வாசகரே, எல்லைக்கல்லை உங்கள் கையில் தருகிறேன். நடவேண்டிய இடத்தில் நட்டுக்கொள்ளுங்கள். என்னால் கையைத் தூக்க முடியவில்லை.